குழந்தை விழுங்கிய காசு

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறது. ஆட்சி கேரளத்தினுடையது, அடுப்படிப் பேச்சு தமிழ். ரேஷன் அட்டைக்குச் சித்தூர், சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய நோய்க்குக் கோயமுத்தூர். எல்லைப்புறத்து வாழ்வு அத்தகையது.

அன்று மாலை நான்கு மணி இருக்கும். திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த என் அக்காளின் மகன், இரண்டரை வயதுச் சிறுவன், திடீரென்று இரண்டு முறை குமட்டினான். வாயிலிருந்து எச்சில் ஒழுகிற்று. சற்று அழுதான், பிறகு அடங்கிவிட்டான். அவன் கையில் இருந்த காசைக் காணோம்.

"ஐயோ சாமி! பையன் காசை முழுங்கிப் போட்டானே!" என்று என் அப்பத்தா கூவினார்கள். அவ்வளவுதான், வீட்டில் ஊர் கூடிவிட்டது. ஒருவர் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அடித்தார். மற்றொருவர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். "வாழப்பழத்தக் குடு கண்ணு, வழுக்கிட்டுக் கீழ போயிரும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்பத்தா பழத்தைப் பிசைந்து ஊட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயில்கின்ற நானோ கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

ஒருவாறு வண்டி பிடித்துக் கோவையில் ஒரு மருத்துவமனையை அடைந்தோம். அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் குழந்தையின் மூச்சைக் கவனித்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். "முழுங்குனத யாரு பாத்தீங்க? காசுதான்னு உறுதியாத் தெரியுமா? வீட்டுல பட்டன் பேட்டரி போட்ட பொம்மை ஏதாவது இருக்கா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றுக்கும் எங்களிடம் விடை இல்லை. மூன்றாவது கேள்வியின் பொருள்கூட எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னர் விளங்கியபோது உடல் நடுங்கிற்று. அன்று அம்மருத்துவர் பொறுமையோடு சொன்னவற்றையும், அதன்பின் நான் படித்தறிந்தவற்றையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

இரண்டு வழிகள்

குழந்தைக்கு வாய்தான் முதல் ஆசான். கண்டதைத் தொட்டறிவதைவிடச் சுவைத்தறிவதே அதற்கு இயல்பு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை இவ்வியல்பு மிகுதி. ஆகவே, விழுங்கும் விபத்துகளும் அவ்வயதில்தான் மிகுதி. கடைவாய்ப் பற்கள் முளைத்து முடியாத பருவம் அது; கடலையைக் கொடுத்தாலும் அரைத்து உண்ண இயலாது.

வாய்க்குள் போன பொருளுக்குத் தொண்டையில் இரண்டு வழிகள் காத்திருக்கின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். பின்னால் இருப்பது உணவுக்குழல். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழும்புகிறது; அதன் மூடி கவிந்து மூச்சு வழியை அடைக்கிறது; உணவு பின்வழியே இறங்குகிறது. சிரிக்கும்போதோ, அழும்போதோ, ஓடும்போதோ திடீரென்று மூச்சை உள்ளிழுத்தால் மூடி திறந்திருக்கும். அப்போது வாயில் இருப்பது முன்வழியே போய்விடும். குழந்தையை ஓடவிட்டு, பின்னாலேயே ஓடி ஊட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அஃது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

இரண்டு வழிகளுக்கும் அறிகுறிகள் வேறு; மருத்துவமும் வேறு. பொருள் உணவுக்குழலில் தங்கினால் எச்சில் வடியும், குழந்தை உணவை மறுக்கும், வாந்தி எடுக்கும், மார்பு வலிக்கிறதென்று அழும். சில குழந்தைகளிடம் ஓர் அறிகுறியும் இராது. பொருள் மூச்சுவழியில் புகுந்தால் திடீர் இருமல், திணறல், மூச்சில் ஓசை ஆகியவை தோன்றும். வழி முழுதும் அடைபட்டால் இருமலும் வராது, அழுகையும் வராது, உதடு நீலம் பாரிக்கும். அந்நிலையில் நமக்கிருப்பது சில நிமிடங்களே.

உணவுக்குழலில் மூன்று இடுக்குகள்

உணவுக்குழல் ஒரே சீரான குழாய் அன்று. அதில் மூன்று இடங்கள் இயல்பாகவே குறுகியவை. முதலாவது, கழுத்தில் குழல் தொடங்கும் இடம். இரண்டாவது, மார்பில் பெருந்தமனி வளைவு குறுக்கிடும் இடம். மூன்றாவது, இரைப்பையில் போய்ச் சேரும் வாயில். காசு பெரும்பாலும் முதல் இடுக்கிலேயே நின்றுவிடும். எங்கள் குழந்தைக்கும் அங்கேதான் நின்றிருந்தது.

மூன்று இடுக்குகளையும் கடந்து இரைப்பையை அடைந்துவிட்டால் பெரும்பாலும் அச்சமில்லை. விழுங்கப்படும் பொருள்களில் 100-க்கு 80 முதல் 90 வரை தாமாகவே மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. 10 முதல் 20 வரை உள்நோக்குக் கருவியால் எடுக்கப்படுகின்றன. வயிற்றைக் கிழித்து அறுவை செய்யும் தேவை 100-க்கு ஒன்றினும் குறைவு. காசு உணவுக்குழலிலேயே நின்று, குழந்தைக்கு வேறு துன்பம் இல்லையாயின், மருத்துவர்கள் சில மணி நேரம் காத்திருந்து மீண்டும் படம் எடுப்பதுண்டு. அதற்குள் அது இறங்கிவிடலாம். இறங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். இரைப்பைக்குச் சென்ற காசுக்குச் சில வாரங்கள் வரைகூடத் தவணை தருவார்கள்.

இவ்விடத்தில் ஒரு துயர நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், கேரளத்தில் ஆலுவாவை அடுத்த ஓர் ஊரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று நாணயம் விழுங்கிற்று. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மருத்துவமனைகளுக்கு எடுத்துச் சென்று, வீடு திரும்பிய பின் அக்குழந்தை இறந்துவிட்டது. நாடே பதறிற்று. பிணக்கூறு ஆய்வில் இரண்டு நாணயங்கள் பெருங்குடலின் கடைப்பகுதியில் காணப்பட்டன; இறப்புக்குக் காரணம் நாணயம் அன்று என்று மருத்துவர்கள் தெரிவித்தனர். பெற்றோருக்கு அச்சொல்லில் என்ன ஆறுதல் இருக்க முடியும்? ஆயினும் நமக்கு அதில் ஒரு படிப்பினை உண்டு. காசு தன் வழியே ஏறத்தாழ முழுதும் நடந்துவிட்டிருந்தது. "காசு வெளியே வந்ததா?" என்று மட்டும் பார்த்துக்கொண்டிருத்தல் போதாது. காய்ச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று குழந்தையையே பார்க்க வேண்டும். வேறொரு நோய் அக்காசின் நிழலில் மறைந்திருக்கலாம்.

காசும் பேட்டரியும்

எக்ஸ்ரே படத்தில் காசு ஒரு வெள்ளை வட்டமாகத் தெரியும். பட்டன் பேட்டரியும் வெள்ளை வட்டமாகவே தெரியும். எங்கள் குழந்தையின் படத்தை விளக்கின்முன் வைத்து, மருத்துவர் அதன் விளிம்பை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். காசுக்கு விளிம்பு ஒற்றை. பேட்டரிக்கோ வட்டத்துக்குள் வட்டம்போல் இரட்டை விளிம்பு தோன்றும். பக்கவாட்டுப் படத்தில் படிபோல் ஒரு வெட்டு தெரியும். எங்களுடையது ஒற்றை விளிம்பு. "காசுதான்" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய நிம்மதி எனக்கு வியப்பாக இருந்தது. காரணத்தைப் பிறகு சொன்னார்.

பேட்டரி தீர்ந்துபோனதாயினும் அதில் மின்னழுத்தம் சிறிது எஞ்சியிருக்கும். ஈரமான உணவுக்குழலின் சுவர்கள் இருபுறமும் அதனைத் தழுவியதும் மின்னோட்டம் தொடங்கிவிடுகிறது. எதிர்முனைப் பக்கத்தில் உடல்நீர் பகுபட்டு, காரம் உண்டாகிறது. அக்காரம் தசையைக் கரைக்கிறது. துணி வெளுக்கும் காரத்தைத் தொண்டையில் வைத்தது போன்றதே இதுவும். இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண் உண்டாகலாம். பேட்டரியை எடுத்த பின்னரும் புண் ஆழ்ந்துகொண்டே போய், மூச்சுக்குழலுக்கு ஓட்டை விழலாம். பெருந்தமனியை அரித்து, நாள்கள் சில கழிந்தபின் குருதி பெருகி உயிரே போகலாம். ஆகவே, உணவுக்குழலில் பேட்டரி என்று தெரிந்த அக்கணமே, நள்ளிரவாயினும், வயிற்றில் உணவிருப்பினும், அதனை எடுத்தாக வேண்டும். காசுக்கு நாளைக் கணக்கிடுவார்கள்; பேட்டரிக்கு நிமிடத்தைக் கணக்கிடுவார்கள்.

எங்கள் குழந்தை பழம் தின்றிருந்ததால் உடனே மயக்க மருந்து கொடுக்க இயலவில்லை. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடுமாம். ஆறு மணி நேரம் காத்திருந்தோம். அப்பத்தா அன்போடு ஊட்டிய அரை வாழைப்பழம் எங்களுக்கு ஆறு மணி நேரக் கண்ணீரைக் கொடுத்தது. நள்ளிரவில் குழந்தையை உள்ளே அழைத்துச் சென்றார்கள். காசை எடுக்கச் சில நிமிடங்களே ஆயின. அது ஒரு ரூபாய்க் காசு.

ஊர் திரும்பியதும் வீட்டைச் சோதித்தேன். கல்பாத்தித் தேருக்குச் சென்றபோது வாங்கிவந்த ஒளிவிடும் பம்பரம் ஒன்று கிடந்தது. அதன் அடிமூடிக்குத் திருகாணி இல்லை. நகத்தால் நெம்பினால் மூன்று சிறு பேட்டரிகள் உதிர்ந்தன. அப்பாவின் எடைக்கருவியில் 2032 என்று எண்ணிட்ட பெரிய பட்டன் பேட்டரி இருந்தது. அதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட். 2019-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய ஒரு ரூபாய்க் காசின் குறுக்களவும் 20 மில்லிமீட்டர்தான். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அணுவளவும் வேறுபாடில்லை. அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாட்டத்தான இருக்குது கண்ணு" என்றார்கள். ஆம், குழந்தையின் கைக்கும் இரண்டும் ஒன்றுதான்.

அமெரிக்காவில், பேட்டரி விழுங்கி 2020-இல் இறந்த ரீஸ் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தையின் பெயரால் 2022-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பட்டன் பேட்டரி உள்ள பொருள்களின் மூடியைக் குழந்தை திறக்க இயலாதபடி அமைக்க வேண்டும் என்பது அதன் விதி. நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியுள்ளது. எனினும் திருவிழாக் கடைகளில் முத்திரையைத் தேடுவோர் எத்தனை பேர்?

காந்தமும் ஊசியும்

பேட்டரிக்கு அடுத்தபடியாக மருத்துவர்கள் அஞ்சுவது காந்தத்துக்கு. ஒரு காந்தம் மட்டுமாயின் காசைப்போல் வெளியேறிவிடலாம். இரண்டு காந்தங்களை வெவ்வேறு நேரத்தில் விழுங்கினால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் மற்றொரு மடிப்பில் மற்றொன்றும் நின்று, இடையிலுள்ள குடற்சுவரை நசுக்கி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நசுங்கிய இடத்தில் ஓட்டை விழும். வயிற்றுவலி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் காரியம் கெடும்.

ஊக்கு, கம்மலின் திருகாணி, கொலுசின் கொக்கி முதலியன நம் வீட்டுப் பொருள்கள். கூர்முனை முன்னோக்கிச் சென்றால் குத்தும். பின்னால் இழுபட்டு வந்தால் குத்தாது. திறந்த ஊக்கினை எடுக்கும் மருத்துவர் இவ்வுண்மையைக் கொண்டே செயற்படுகிறார். கூர்முனை மேல்நோக்கியிருந்தால் அதனை இரைப்பைக்குள் மெல்லத் தள்ளி, அங்கே திருப்பி, முனை பின்னால் வருமாறு இழுத்து வருகிறார்.

மலைநாட்டு நண்பன் சொன்ன கதை

மூச்சுவழியில் போன பொருளின் கதை வேறு. என் விடுதி நண்பன் ஒருவன் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் பக்கத்தைச் சேர்ந்தவன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுச் செய்தியைச் சொன்னபோது, தன் தங்கையின் கதையை அவன் சொன்னான்.

அவளுக்கு அப்போது இரண்டு வயது. தாய் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். பாட்டி வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். குழந்தையும் எடுத்து வாயில் போட்டது. பலத்த இருமல் வந்தது, கண்கள் பிதுங்கின, ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. குழந்தை சிரித்து விளையாடிற்று. பாட்டி அதனை மறந்தே போனாள். இரண்டு நாள் கழித்து இருமல் தொடங்கிற்று, பிறகு காய்ச்சல். "சளி" என்று மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து கொடுக்கும்போது அடங்குவதும், நிறுத்தினால் திரும்புவதுமாக மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருநாள் ஒரு மருத்துவர் குழந்தையின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, வலப்புறத்தில் மூச்சொலி குறைந்திருப்பதைக் கண்டார். "எப்பவாவது சாப்பிடும்போது புரையேறிச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் பாட்டிக்கு நினைவு வந்தது.

அக்கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. குற்றம் ஒருவருடையதன்று. திணறல் நின்றவுடன் ஆபத்தும் நின்றுவிட்டது என்று எண்ணுவது மனித இயல்பு. உண்மையில் பொருள் கிளைக்குழலில் இறங்கி அமர்ந்துகொண்டதால்தான் திணறல் நின்றது. அவ்வமைதி நம்மை ஏமாற்றும் அமைதி.

கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, பாக்குத் துண்டு, சீத்தாப்பழ விதை ஆகியவை எக்ஸ்ரே படத்தில் தெரியா. கடலையின் எண்ணெய் குழலின் உட்சுவரை உறுத்திப் புண்ணாக்கும். புளியங்கொட்டையும் பட்டாணியும் நீரில் ஊறிப் பருத்து வழியை அடைக்கும். வலக்கிளை இடக்கிளையைவிடச் சற்று அகன்றும் நேராகவும் இருப்பதால் பொருள்கள் அப்பக்கம் போவது மிகுதி. படத்தில் பொருள் தெரியாவிடினும், காற்று உட்புகுந்து வெளிவர இயலாமல் ஒருபக்க நுரையீரல் உப்பியிருப்பது தெரியலாம். படம் முற்றிலும் சரியாகத் தோன்றினாலும், புரையேறியதைக் கண்டவர் சொல்வாராயின், மருத்துவர் உள்ளே பார்த்தே தீர்மானிப்பார். மூச்சுக்குழலுக்கு வளையாத உலோகக் குழாயே குழந்தைகளுக்கு ஏற்றது. அதன் வழியாகவே மூச்சுக்காற்றையும் மயக்க மருந்தையும் செலுத்திக்கொண்டு, அதன் வழியாகவே இடுக்கியை விட்டுப் பொருளைப் பற்றி எடுக்கிறார்கள். நண்பனின் தங்கைக்கும் அவ்வாறே எடுத்தார்கள். இன்று அவள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள்.

அக்கதையில் சிரிப்பதற்கும் ஓரிடம் இருந்தது. மலையாள மருத்துவரிடம் பாட்டி "கடலை" என்றாள். மலையாளத்தில் கடலை என்றால் நம் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்குக் 'கப்பலண்டி' என்று பெயர். அவர் கொண்டைக்கடலையைத் தேட, வந்தது நிலக்கடலை. இரண்டும் ஒரே இடுக்கியில் அகப்படுபவை ஆதலால் தீங்கில்லை. ஆயினும், விழுங்கிய பொருளின் இணை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அதே காசு, அதே பேட்டரி, அதே பொம்மை, அதே விதை: இவற்றுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

கருவி வந்த கதை

இருண்ட குழலுக்குள் பார்க்கும் கலை எளிதில் கைவந்ததன்று. 1868-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்மால் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாய் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். வித்தைக்காரனின் தொண்டையே மருத்துவத்துக்கு முதல் வாயிலாயிற்று. அதே நகரில் 1897-இல் கில்லியன் என்பார் ஓர் உழவரின் மூச்சுக்குழலிலிருந்து எலும்புத் துண்டொன்றைக் குழாய் வழியே எடுத்தார். இடையில் 1895-இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்திருந்தார். விழுங்கிய உலோகம் எங்கிருக்கிறது என்பதை வெளியிலிருந்தே காண வழி பிறந்தது.

இத்துறையின் பெருந்தகை அமெரிக்கராகிய செவாலியர் ஜாக்சன் (1865-1958). அறுவையின்றிப் பொருள்களை எடுக்கும் கருவிகளைத் தாமே வடித்தார், பிறருக்கும் கற்பித்தார். அவர் எடுத்துச் சேர்த்து வைத்த ஊக்குகள், பொத்தான்கள், நாணயங்கள், விளையாட்டுச் சாமான்கள் முதலிய 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. துணி வெளுக்கும் காரத்தைக் குழந்தைகள் குடித்து உணவுக்குழல் வெந்துபோவதைக் கண்டு மனம் நொந்த அவர், புட்டிகளில் நச்சு எச்சரிக்கை இருக்க வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1927-இல் அமெரிக்காவில் அதற்கெனச் சட்டம் பிறந்தது. எடுப்பதைவிடத் தடுப்பதே மேல் என்பதை உணர்ந்த மருத்துவர் அவர்.

இயற்பியல் மாணவனாகிய எனக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1954-இல் இலண்டனில் ஹாப்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். இழைக்குள் புகுந்த ஒளி சுவரில் பட்டுப் பட்டு முழுதும் எதிரொளித்து, வளைவுகளையும் கடந்து மறுமுனைக்கு வருகிறது. நாம் வகுப்பில் படிக்கும் முழு அகப் பிரதிபலிப்புதான் அது. 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் வளையும் உள்நோக்குக் கருவியை அமைத்து, முதலில் தாமே அதனை விழுங்கிச் சோதித்தார். இன்றைய எண்டோஸ்கோப்பின் நுனியில் சிறு கேமராவே அமர்ந்திருக்கிறது. படம் திரையில் விரிகிறது. அதன் வழியே எலிப்பல் போன்ற இடுக்கியையோ, சிறு வலைப்பையையோ செலுத்தி, மருத்துவர் காசைக் கவ்வி இழுக்கிறார். வகுப்பில் வெறும் தேர்வுக்காக நான் படித்த பாடம், அன்று நள்ளிரவில் எங்கள் குழந்தையின் தொண்டைக்குள் ஒளி ஏற்றிற்று.

எல்லையும் தூரமும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. எல்லைக்கோடு தாளில் விழுந்தது. நோயாளியின் பாதையோ அக்கோட்டைக் கண்டுகொள்வதில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வாளையாற்றிலிருந்தும் கோவைக்கு ஓடுகிறோம். அட்டப்பாடியிலிருந்து ஆனைக்கட்டி வழியே இறங்குகிறோம். பூப்பாறை மக்கள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தேனிக்கு வருகிறார்கள். குமுளி மக்கள் கம்பம் வழியே வருகிறார்கள். மறையூர் மக்களுக்கு உடுமலை. மற்றவர்கள் கோட்டயத்துக்கோ எறணாகுளத்துக்கோ செல்கிறார்கள். மழைக்காலத்து இரவில் இவ்வழிகள் எளியவை அல்ல. பேட்டரிக்கு இரண்டு மணி நேரம் என்னும் கணக்கை மலைப்பாதையின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். வழியில் வீணாகும் நேரத்தை நாம் குறைக்க முடியாது; வீட்டில் வீணாகும் நேரத்தைக் குறைக்க முடியும்.

ஆகவே செய்யத் தக்கவை இவை. குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும். இருமலைவிடச் சிறந்த கருவி இல்லை. இருமவும் அழவும் மூச்சுவிடவும் இயலாமல் போனால் உடனே செயற்பட வேண்டும். ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தையாயின், முன்கையின்மேல் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை தட்டுக. பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவே ஐந்து முறை அமுக்குக. அதற்கு மேற்பட்ட குழந்தையாயின், முதுகில் ஐந்து தட்டுக்குப் பின், பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கும் விலா எலும்புக்கும் இடையே கைமுட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துக. அமெரிக்க மருத்துவர் ஹெய்ம்லிக் 1974-இல் வெளியிட்ட முறை இது. பொருள் வெளிவரும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்க. நினைவிழந்தால் தரையில் கிடத்தி மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்குக. 108 என்னும் எண் இரு மாநிலங்களுக்கும் பொது.

மூச்சு நன்றாக இருந்தால், செய்யாதிருப்பதே பெரிய உதவி. விரலைவிட்டுத் துழாவாதீர், கண்ணுக்குத் தெரியாத பொருளை அது உள்ளே தள்ளும். வாந்தி எடுக்கச் செய்யாதீர். வாழைப்பழம், சோற்றுருண்டை, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

இவ்விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. விழுங்கியது பட்டன் பேட்டரி என்று தெரிந்தோ ஐயமுற்றோ, விழுங்கிப் 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கும் ஆற்றலும் இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர், தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து காரத்தின் வேகத்தைத் தணிக்கிறது. வண்டியில் போய்க்கொண்டே கொடுக்க வேண்டுமேயன்றித் தேனுக்காகப் பயணத்தை நிறுத்தலாகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. மலைத்தேன் எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் புதிதன்று. அதற்கு இப்படியும் ஒரு பயன் இருப்பது பலருக்குத் தெரியாது.

புறப்படும் முன் தொலைபேசியில் ஒன்று கேளுங்கள்: "குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவரும், மயக்க மருத்துவரும் இப்போது இருக்கிறார்களா?" இவ்வொரு கேள்வி இரண்டு மருத்துவமனைகளுக்கு அலைவதைத் தவிர்க்கும். பிறகு, விழுங்கிய நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்குமேல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்கச் சொல்லிற்று. மலைநாட்டில் பல குழந்தைகளின் பகற்பொழுது காப்பகத்து ஆயாவின் மடியிலோ பாட்டியின் மடியிலோதான் கழிகிறது. காசு விழுங்கும் குழந்தையை முதலில் காண்பவர்கள் அவர்களே. இக்கட்டுரையை அவர்கள் படிக்கப் போவதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் நீங்கள்தான் அவர்களுக்கு இது.

ஒரு பட்டன் பேட்டரியையும் ஒரு ரூபாய்க் காசையும் எடுத்துச் செல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். விரிவுரை வேண்டாம்; அக்காட்சியே போதும். எங்கள் அப்பத்தா இப்போது வருவோர் போவோரிடமெல்லாம், "முழுங்குனது காசான்னு மொதல்ல பாருங்க சாமி. பழத்தக் கிழத்தக் குடுத்துப் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதியாத அப்பத்தா கற்றுக்கொண்டதை, பல்கலைக்கழகம் வந்த நாம் கற்காதிருக்கலாமா?